நூற்றுப் பதின்மூன்றாவது தலை

காலை ஆறு பத்து. ஏரி முழுக்கப் பனிமூட்டம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயத்தில் கணவனும் மனைவியும் தன்னார்வலர்கள். அக்கரையில் இறங்குபவர்களை அவள் எண்ணினாள். இக்கரையில் ஏறுபவர்களுக்குத் துண்டு கொடுத்தபடி அவன் எண்ணினான்.

“எத்தனை பேர் இறங்கினாங்க?” என்று போனில் கேட்டான்.

“நூத்திப் பன்னெண்டு.”

“அப்பாடா, எல்லாரும் ஏறியாச்சு. நீ பாலம் வழியா மெதுவா வா. தண்ணிகிட்ட நிக்காதே, ஆபரேஷன் ஆன உடம்பு.”

“மூணு வருஷமா இதே பாட்டு,” என்று சிரித்தாள்.

கால் மணி கழித்து, பனிக்குள் இன்னொரு தலை மிதந்து வந்தது. கணக்குத் தப்பென்றால், உள்ளே இன்னும் எத்தனை பேரோ? அவளை அழைத்தான். பனிக்கு அப்பால் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

தன்னார்வலர் சட்டை சொட்டச் சொட்ட அவள் கரையேறினாள்.

“பாலம் ரொம்பச் சுத்துங்க. துண்டு மிச்சம் இருக்கா?”