மொட்டு கழன்ற ஹைட்ரா

ஒரகடத்தில், பள்ளிக்கூடங்களுக்கு ஸ்லைடு செய்யும் சின்ன யூனிட்டில், மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருக்கிறாள் தென்காசிக்காரி சந்தனமாரி. மூன்று மாதக் கரு கலைந்து, பத்து நாள் லீவு முடிந்து இன்றுதான் ஷிஃப்டுக்கு வந்திருக்கிறாள். லென்ஸுக்கடியில் ரோஸ் சாயமேறிய ஹைட்ரா என்ற பொடி நீர்ப்பிராணி, நூல் போன்ற கைகளை விரித்தபடி கிடக்கிறது. அதன் விலாவில் ஒட்டியிருக்க வேண்டிய, குட்டியாக வளரும் மொட்டு, மயிரிழை தள்ளித் தனியாகக் கிடக்கிறது. வெளியே கம்பெனி பஸ் ஒன்று போகிற அதிர்வில் மேசைமேல் கண்ணாடித் துண்டுகள் கிலுங்குகின்றன. அவள் விரல் ஸ்லைடை விடவில்லை. சூப்பர்வைசர் கலைமணி வந்து லென்ஸில் பார்க்கிறாள். "மொட்டு கயண்டு கீது பாரும்மா. ரிஜெக்ட் டப்பால போடு." சந்தனமாரி தலையைத் தூக்கவில்லை. "தாய் நல்லாத்தானக்கா இருக்கு. அத எதுக்குத் தூக்கிப் போடச் சொல்லுதீங்க?"