வவ்வால் அண்டாத வீடு

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வவ்வால் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். சுகாதாரத் துறை கழுத்தில் பட்டை கட்டிவிட்ட வவ்வால்கள் எந்த வீட்டு மரத்தில் தொங்கின, அதில் எந்த வவ்வாலுக்கு மனிதருக்குத் தொற்றும் சீக்கு என்பதெல்லாம் எல்லார் கைபேசியிலும் தெரியும். நானும் பார்ப்பேன், பொழுது போக வேண்டாமா?

எதிர்வீட்டு தர்ஷினி அக்கா மகள் மகிழினிக்குச் செங்கோட்டையிலிருந்து வரன் வந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், வாசல் தெளிக்கும்போதுகூட பவுடர் பூசினாள். அக்கா சும்மா இருப்பாளா? கொல்லையில் நின்ற வாதாமரத்தை வெட்டி, மாடிக்கு வலையும் கட்டினாள். வரைபடத்தில் வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆனது.

பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா காபியைத் தொடவில்லை.

"சுத்தி எல்லா வீட்டுக்கும் வவ்வால் வருது. ஒங்க வீட்டுல மட்டும் ஒண்ணுகூட இல்ல. எதை மறைக்கிய?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான் மதினி மரத்தை வெட்டினேன்."

"சீக்கு வவ்வால் வந்திருந்தாக்கூட என்ன சீக்குன்னு தெரிஞ்சிருக்கும். இத எப்படி நம்ப?"

எழுந்து போய்விட்டார்கள். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்தி சாய்ந்தால் தாயும் மகளும் வலையைச் சுருட்டிவிட்டு, மாடியில் உரித்த வாழைப்பழத்தைப் பரப்பி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். வவ்வால்களோ அந்த வீட்டைத் தாண்டி எங்கள் மாமரத்தில் இறங்குகின்றன.

நேற்று மகிழினி கேட்டாள்: "அத்தை, ஒரு நாளைக்கு மட்டும் ஒங்க மரத்துல ரெண்டு வெடி போட்டு வெரட்டுவியளா?"

போடலாம்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒருத்தி கல்யாணத்துக்கு நிற்கிறாளே.