கொலோனிலிருந்து வந்த பெட்டி

அவள் முதலில் பார்த்தது பாட்டிலை அல்ல. வத்சலாவின் விரலை.

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, மோதிர விரலால் தொட்டு, செத்துக் கிடந்தவரின் இடது காதுக்குப் பின்னால் அந்த விரல் போனது.

தேடவில்லை. தயங்கவில்லை. போனது.

பிணத்துக்கு ஓடிகோலோன் என்றால் போர்த்திய துணியின் மேல் தெளிப்பார்கள். காலனியில் எத்தனையோ சாவு விழுந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் வைத்தவர்கள் யாரும் இல்லை.

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. நின்றது தெரிந்துவிடக் கூடாதே என்று, கொஞ்சம் சத்தமாகவே மறுபடி தொடங்கியது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் மட்டும் அழவில்லை. அவள்தான் மனைவி.

ஐஸ் பாக்ஸ் வரத் தாமதம். வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாம். சித்திரை வெயில் வேறு. எதிர்வீட்டுப் புனிதாதான், மூக்கை முந்தானையால் மூடியும் மூடாமலும், யார் வீட்டிலாவது ஓடிகோலோன் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள்.

இந்த வீட்டிலேயே இருக்காதா என்று யாரும் கேட்கவில்லை. இருக்காது என்று காலனிக்கே தெரியும். தணிகாசலம் சாருக்கு அந்த வாசம் ஆகாது.

காய்ச்சலில் அவர் படுத்தால், அவள் வெறும் தண்ணீரில்தான் துணி நனைத்து நெற்றியில் போடுவாள்.

ஏன் ஆகாது என்பதும் காலனிக்குத் தெரியும். அதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தடவையா, இரண்டு தடவையா?

கம்பெனி அவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. ஊர் பெயர் கொலோன். திரும்பி வந்தவர் காலனியைத் தூங்கவிடவில்லை. ஓடிகோலோன் என்றால் கொலோன் ஊர்த் தண்ணீர் என்று அர்த்தமாம். ரோமாபுரிக்காரன் குடியேறி, காலனி என்று பெயர் வைத்து, அது தேய்ந்து கொலோன் ஆயிற்றாம். ஆகவே நாமெல்லாம் கொலோன்வாசிகள்தான் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். கூட்டம் போட்டது தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு.

அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் கொலோன் சார்.

கீரைக்காரிக்கு அது ஒரு விலாசம். பிள்ளைகளுக்கு அது ஒரு கேலி. அவளுக்கு அது, புருஷன் இல்லாமல் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு தனியாகப் படுத்திருந்த மூன்று மாதம்.

அங்கிருந்து அவளுக்கென்று ஒரு ஓடிகோலோன் வாங்கினார். பாட்டில் சூட்கேஸுக்குள்ளேயே உடைந்துவிட்டது. வழியெல்லாம் அந்த வாசம் மண்டையில் ஏறியதிலிருந்து ஆகாமல் போனது.

இப்படித்தான் சொன்னார்.

அட்டைப்பெட்டி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. நீலமும் பொன்னிறமும். மேலே இரட்டைக் கோபுரம் வைத்த மாதா கோயில் படம். அவள் அதில் ஊக்குகள் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

பெட்டியில் ஒரு சொட்டுக் கறை இல்லை. சட்டைகளில் வாசமும் இல்லை. துவைத்தவள் அவள்தான். ஜெர்மன்காரன் சரக்கு, ஒட்டாதுபோல என்று நினைத்துக்கொண்டாள்.

காலனி அன்றே கவனித்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ரோமாபுரியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருப்பார்.

வத்சலா மட்டும் கொலோன் கதையை முழுதாகக் கேட்டதே இல்லை. அவர் தொண்டையைக் கனைத்தாலே எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். பாவம், அலுப்பு என்று நினைத்தார்கள்.

மாடிவீட்டு வத்சலா. டீச்சர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஏன் என்பதற்குக் காலனி பல காரணங்கள் வைத்திருந்தது. அவற்றில் இது இல்லை.

கோயிலுக்கு, துணிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும் அவளுக்குத் துணை வத்சலாதான். அதற்கு முன்னால், முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, சாருக்குச் சாப்பாடு கொடுக்கும்படி வத்சலாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

புனிதா கேட்டதும் மாடிக்கு ஓடியவளும் வத்சலாதான்.

இப்போது தலைமாட்டில் இருந்தவள் விரலைவிட்டுப் பாட்டிலைப் பார்த்தாள்.

நீலம். பொன்னிறம். இரட்டைக் கோபுரம். அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு, மஞ்சளேறிப்போன மிச்சம்.

நெஞ்சு பதறிக் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தாளா, கடைசியாக அவருக்கு இதுதான் என்று கொண்டுவந்தாளா? காலனி இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

தலைமாட்டிலிருந்து அவள் எழுந்தாள். மயங்கி விழப்போகிறாள் என்று இரண்டு பேர் தாங்க வந்தார்கள். விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

பீரோ திறக்கும் சத்தம். ஏதோ கொட்டும் சத்தம்.

பெட்டியோடு வந்தாள். வத்சலாவின் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, பெட்டிக்குள் இறக்கினாள்.

ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

அதை வத்சலாவின் மடியில் வைத்தாள்.

"பெட்டி எங்கிட்டதான் இருந்துச்சு, வத்சலா."



வாசலில் வண்டி வந்து நின்றது. ஆண்கள் ஐஸ் பாக்ஸை இறக்கப் போனார்கள். புனிதா எல்லோரையும் தள்ளி உட்காரச் சொன்னாள். தானும் தள்ளித்தான் உட்கார்ந்தாள், மடி தெரிகிற இடமாகப் பார்த்து.

அவள் மறுபடி தலைமாட்டுக்கே போனாள்.

முந்தானை முடிச்சை இடது கையால் பிடித்தே இருந்தாள். அதற்குள் ஊக்குகள். அவற்றைப் போட்டுவைக்க இனி வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.