இருபத்து நாலாம் படி

ஆறரை அடி உயர மனேஜர் வெறுங்காலோடு நின்று, கம்ப்யூட்டரின் உச்சியில் இருந்த எலுமிச்சம்பழத்தை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைமணியை எடுத்து ஆட்டினார்.

"இப்படித்தான் தொடங்க வேண்டும்," என்றார் புதிதாக வந்த சச்சிதானந்தனிடம். "ஏன் என்று மட்டும் கேட்காதே. எனக்கும் தெரியாது."

அது 1974, சிட்னி. இன்ஷூரன்ஸ் கந்தோரின் நாலாம் மாடியில் இரண்டு பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது அந்த மெஷின். மனிதர் எழுதும் கட்டளைகளை அதன் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கும் 'கொம்பைலர்' என்ற சாமானை அதற்குள் ஏற்றுவது, முரட்டுக் காளைக்கு மூக்கணாங்கயிறு போடுகிற வேலை. முன்பு வந்த இரண்டு பேரில் ஒருவன் இது வேண்டாம் என்று செம்மறி ஆடு மேய்க்கப் போய்விட்டான். மற்றவன் எங்கே என்று அந்த ஆடுகளுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிக் காட்டினால் சச்சிதானந்தனுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரக் கடிதம் வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் மனைவி நாகேஸ்வரிக்கு விசா. அவள் வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டிலும் ஒரே கேள்விதான்.

வழிகாட்ட இருந்தது ஒரே ஒரு கடதாசி. அதில் இருபத்து மூன்று படிகள். எழுதிய ஜே. தேவராஜா மெல்பேர்ன் கிளைக்கு மாற்றலாகி, இடையில் மூன்று மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார். என்ன செய்வது என்று முத்து முத்தாக எழுதியிருந்த மனிதர், ஏன் செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை.

சச்சிதானந்தன் மத்தியானச் சாப்பாட்டோடு அதை வாசித்தான். சான்ட்விச் தொண்டையில் நின்றது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகவும். டேப்பை வலமாக மூன்று சுற்றுச் சுற்றவும். உச்சியில் எலுமிச்சம்பழம் வைக்கவும். மணி அடித்துவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் நிற்கவும். கட்டளைகளைத் துளையிட்ட அட்டைக்கட்டின் மேல் ஒரு வெற்று அட்டை வைக்கவும், மாதிரி இத்துடன். அந்த மாதிரி அட்டையின் தலைப்பில் பேனையால் ஒரு சுழி, கீழே இரண்டு கோடு.

பிள்ளையார் சுழியேதான்.

சச்சிதானந்தன் மனேஜரிடம் ஓடினான். இதில் ஐந்து படி எங்கள் ஊர்ப் பூசை, மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இத்தனை காலமும் தேவராஜா உங்களைச் சாமி கும்பிட வைத்திருக்கிறார் என்று விளக்கினான்.

மனேஜர் தலையைச் சொறிந்தார். "அதுதானே பார்த்தேன். ஞாயிறு காலை மட்டும் மெஷின் பற்றி எரிந்தாலும் வரமாட்டான். பிரார்த்தனை என்பான்."

பக்தியான மனுசர்தான், ஆனால் இது விஞ்ஞானம் என்றான் சச்சிதானந்தன். சிவப்புப் பேனையால் ஐந்தையும் வெட்டினான்.

வியாழக்கிழமை பதினெட்டுப் படிகளோடு ஏற்றினார்கள். சப்பாத்து நைலோன் கம்பளத்தில் உரச, அவன் விரலில் இருந்து பொறி பாய்ந்து மெஷின் விக்கியது. வாசிக்கும் பெட்டி முதல் அட்டையை மென்று துப்பியது. டேப் ஒரு பக்கமாகச் சரிந்து, இடியப்பம் பிழிந்தாற்போல் தரையெல்லாம் ஓடியது. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் உறுமிக் கிளம்ப, விளக்குகள் மங்கின. மெஷின் கண்ணை மூடிவிட்டது.

சச்சிதானந்தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தான். தெய்வக் குற்றம். வேறென்ன?

வெள்ளிக்கிழமை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். வெட்டிய ஐந்து படியும் திரும்பி வந்தன. லிட்கம் பகுதிக் கடைகளை எல்லாம் சல்லடை போட்டு ஒரு தேங்காயும் பிடித்து வந்திருந்தான். கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துவிட்டு மனேஜரே வாசற்படியில் அதை உடைத்தார்; சில்லு ஒன்று பறந்து மூன்றாம் மாடிக் கணக்காளரின் தேநீருக்குள் விழுந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

மெஷின் வெண்ணெயாக ஓடியது. அன்றே நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்தாயிற்று. மனேஜர் கடதாசியைப் புதிதாக டைப் அடிப்பித்து, 'படி 24: ஒரு தேங்காய் உடைக்கவும்' என்றும் சேர்த்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து மெல்பேர்னில் இருந்து ஒரு டெலிபோன்.

"தம்பி, தேவராஜா கதைக்கிறன். மூண்டு நாளாத் தேங்காய்க்கு அலையிறன். அந்தக் கடைசிப் படி என்னத்துக்கு எண்டு ஒருதருக்கும் தெரியேல்லை."

சச்சிதானந்தன் எழுந்து நின்று கதைத்தான். "மன்னிக்கவேணும் அண்ணை. உங்கடை பூசையிலை கை வைச்சிட்டன். அதுக்குப் பிராயச்சித்தம்தான் அந்தத் தேங்காய்."

"என்ன பூசை?"

அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக உடைத்தார். சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்தால் மின்பொறி பறக்கும். மூன்று சுற்றினால்தான் டேப்பின் தொய்வு போகும். எலுமிச்சம்பழம் உருண்டால் மெஷின் சரிந்து நிற்கிறது என்று அர்த்தம். மணி, லிஃப்டை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி லிஃப்ட்காரனுக்கு. வாசிக்கும் பெட்டி முதல் அட்டையை எப்போதும் தின்னும், அதற்குத்தான் வெற்று அட்டை.

சச்சிதானந்தனின் கையில் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

"அப்ப அந்தப் பிள்ளையார் சுழி, அண்ணை?"

"பேனை எழுதுதோ எண்டு கீறிப் பாத்தனான். தம்பி, நான் ஞாயிறு தவறாமச் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன்."