முதுகில் இறங்கிய வேப்பிலை

கடலைக் காட்டிலிருந்து மழைக்கு ஒதுங்க ஓடும்போது பேச்சித்தாயை மின்னல் அடித்துவிட்டது. கணவன் ஆண்டியப்பன் ஓடி வந்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். கிழிந்த ரவிக்கைக்குள், மின்னல் சுட்ட தடம் முதுகு முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரு வேப்பங்கொப்பு போல விரிந்திருந்தது. தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து அதே சாயலில் சின்னக் கிளை, அதிலிருந்து இன்னும் சின்னது என்று இடுப்புவரை இறங்கியிருந்தது.

"மாரியாத்தா எறங்கிட்டா!" கூட வேலை செய்த பெண்கள் சேற்றில் விழுந்து கும்பிட்டார்கள்.

"உசுரு இருக்கு, ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று ஆண்டியப்பன் அவளைத் தூக்கப்போனான்.

"தொடாதீங்க தம்பி, சாமிக்குத்தம் ஆயிரும்." கையைத் தட்டிவிட்டவள் செல்லக்கிளி, பேச்சித்தாயின் கூடப்பிறந்த அக்காள்.

பேச்சித்தாயின் உதடு அசைந்தது. "தண்ணி..."

அதற்குள் ஊருக்குள் ஓடியிருந்த பெண்கள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தார்கள். செல்லக்கிளி அதை வாங்கித் தங்கையின் முதுகில் ஊற்றினாள். குலவை கிளம்பியது. ஆண்டியப்பன் தரையைப் பார்த்தான். மழைநீரும் அதே மாதிரி கிளைகிளையாகப் பிரிந்துதான் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

சட்டென்று குனிந்து மனைவியை மல்லாக்கப் புரட்டினான். கொப்பு மறைந்து, வெளிறிப்போன முகம் மேலே வந்தது. குலவை நின்றது.

"மதினி, இது ஒங்க தங்கச்சி. வாயில ஊத்துங்க."

செல்லக்கிளி திடுக்கிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மண்டியிட்டு அவள் வாயருகே குடத்தைச் சாய்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தாள். அதில் ஒரு சொட்டுகூட இல்லை.