மண்புழு உரம்

பெற்ற பிள்ளைகள் தலைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கூமாப்பட்டி மகளிர் சேமிப்புக் குழுவில் இருபது வீட்டு வயலுக்கும் சேர்த்து ஒரே இயற்கை விவசாயச் சான்றிதழ். அந்த இருபது வீட்டில் ஒரு வீட்டுக்காரரான பாண்டிதுரையோ தன் வயலில் திருட்டுத்தனமாகப் பூச்சிமருந்து அடித்துவிட்டார்.

"ஏலே, ஒன்னால அம்புட்டுப் பேரு சான்றிதழும் போவப்போவுது" என்று குழுத் தலைவி மாரிக்கனி அரிவாளை ஓங்கினாள். ஒரே வெட்டு. தலை வாய்க்காலில் போய் விழுந்தது. பாண்டிதுரைக்குக் கழுத்தைவிட மானம்தான் அதிகம் வலித்தது.

"ஒரு டேங்க்தான் அடிச்சேன், மதினி" என்றது தலை.

"செத்தும் வாய் ஓயுதா பாரு."

இருபது பெண்களும் அவரைத் துண்டு துண்டாக நறுக்கி மண்புழுக் குழியில் போட்டு மூடினார்கள். நாற்பதே நாளில் எலும்புகூட மிஞ்சவில்லை. அந்த உரத்தில் நெல் ஆள் உயரம் வளர்ந்தது. குற்றவாளியே இல்லாததால் சான்றிதழும் தப்பியது.

இந்தக் கதையைச் சொல்லித்தான், வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் குழுவின் உரத்தை மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டிருக்கிறார் பாண்டிதுரை.