விடேல்லை

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குருநகர்ச் சிமியோன் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருக்கிறான். விடிந்ததிலிருந்து தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. மனைவி லூர்த்தம்மா ஏந்தியிருக்கும் வாந்திப் பேசினின் அடியில் கோப்பித்தூள் போலக் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. யன்னல் வெயிலில் அவன் கண்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. "குடிக்கிறனீங்களோ ஐயா?" என்று தாதி கேட்கிறாள். லூர்த்தம்மா முந்திக்கொள்கிறாள். "இல்லை மிஸ், தவக்காலத்தோடை விட்டிட்டார்." அப்படித்தான் அவன் அவளிடம் சொல்லியிருந்தான், அவளும் கோயில் வாசலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தாள். சிமியோன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாதியை நிமிர்ந்து பார்க்கிறான். "விடேல்லை. நேற்றும் குடிச்சனான்." தாதி டொக்டரைக் கூப்பிட விரைகிறாள். லூர்த்தம்மாவுக்கு முகம் எரிகிறது. கையை உதறிவிடத் தோன்றுகிறது. அதற்குள் அவனுக்கு மறுபடி ஓங்காளிக்கிறது. அவள் மற்றக் கையால் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடிக்கிறாள்.